தோலுக்கு ஏற்ற கத்தி

"பெல்ட் செய்யலாம் என்று ஆசையாகத் தடித்த தோல் வாங்கி வந்தேன். காய் நறுக்கும் கத்தியால் வெட்டிப் பார்த்தேன்; அசையவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், கட்டைவிரல் கன்றிப் போயிற்று. கடைசியில் பலங்கொண்ட மட்டும் கத்தியை அழுத்தி இழுத்தேன். அது வழுக்கி இடதுகை விரலில் இறங்கிவிட்டது. 'இந்தத் தோல் வேலையெல்லாம் நம் வீட்டுக்கு எதற்கு?' என்கிறார் மாமியார். வீட்டுக்காரரும், 'பேசாமல் விட்டுவிடேன்' என்கிறார். விட்டுவிடட்டுமா?"

இப்படிக் கேட்டிருக்கிறார் ஒரு சகோதரி. பை, பெல்ட், பணப்பை என்று வீட்டிலிருந்தபடியே செய்து விற்க ஆரம்பித்திருக்கும் பெண்கள் இப்போது எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்கும். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம், சகோதரி! விட வேண்டியது அந்தக் கத்தியைத்தான்.

மாமியாரின் கேள்விக்கு முதலில் ஒரு வார்த்தை. தோல் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளக் கூச்சப்படாத நாம், அதைச் செய்கிற வேலைக்கு மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? காந்திஜி கூசவில்லை. 1910-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பமானபோது, அவருடைய நண்பர் காலன்பாக், மரியன்ஹில் என்ற ஊரிலிருந்த கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடம் காந்திஜி கற்றார். பண்ணையிலிருந்த மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பண்ணையில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. பிறகு சிறையில் இருந்தபோது தம் கையாலேயே செய்த ஒரு ஜோடிச் செருப்பை, தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே 1914-இல் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல வருஷங்கள் அணிந்துவிட்டு, 1939-இல் காந்திஜியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்பது அவர் அபிப்பிராயம். மாமியாரிடம் இந்தக் கதையைச் சாவகாசமாகச் சொல்லிப் பாருங்கள். நாம் இப்போது கத்திக்கு வருவோம்.

மொக்கைக் கத்திதான் கையை வெட்டும்

கத்தி கூராக இருந்தால் ஆபத்து என்று நினைத்து, வேண்டுமென்றே மொக்கைக் கத்தியை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தோல் விஷயத்தில் இது தலைகீழ்.

துணியில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓர் ஒழுங்கில் ஓடும். தோல் அப்படி அல்ல. கண்ணுக்குத் தெரியாத நார்கள் எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கத்தி அந்த நார்கள் ஒவ்வொன்றையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். கூர் மழுங்கிய கத்தி அறுக்காது. நார்களை நசுக்கித் தள்ளும். நன்கு பழுத்த தக்காளியை மொக்கைக் கத்தியால் நறுக்கிப் பார்த்த எவருக்கும் இது தெரியும். தோல் நறுங்காது, உள்வாங்கும். தக்காளியாவது நசுங்கிச் சாறு விடும். தோலோ எதிர்த்து நிற்கும். நாம் இன்னும் அழுத்துவோம். ஒரு கணத்தில் தோல் விட்டுக்கொடுக்கும், அல்லது கத்தி வழுக்கும். தோள் பலம் முழுவதும் அந்தக் கத்தியின் பின்னால் இருப்பதால் நம்மால் அதை நிறுத்த முடியாது. எதிரே இடதுகை இருந்தால் அது போகிற இடம் அதுதான்.

கூரான கத்திக்கு அழுத்தமே வேண்டாம். அழுத்தம் இல்லாவிட்டால் வழுக்கினாலும் இரண்டு அங்குலத்தில் நின்றுவிடும். ஆகவே ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால், அது தோலின் குற்றமும் அல்ல, உங்கள் கையின் குற்றமும் அல்ல. கத்தியைத் தீட்ட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

தோலின் தடிப்பைப் பாருங்கள்

கடையில் தோல் வாங்கும்போது தடிப்பை மில்லிமீட்டரில் கேளுங்கள். பணப்பைக்கு ஒரு மில்லிமீட்டர் சுமார் போதும். தோள்பைக்கு ஒன்றரை முதல் இரண்டரை. பெல்ட்டுக்கு மூன்று முதல் நான்கு. செருப்பின் அடித்தோல் அதற்கும் மேலே. வெளிநாட்டுப் புத்தகங்களில் 'அவுன்ஸ்' என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம். ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். எட்டு அவுன்ஸ் என்றால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

பதனிட்ட விதத்தையும் கேளுங்கள். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோல், விறைப்பாக நின்று சுத்தமாக வெட்டுப்படும். நம் ஊர்ப் பழைய முறை இதுதான். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மிருதுவாக இருக்கும். கத்தியோடு சேர்ந்து இழுபடும். பழகுகிறவர்களுக்குப் பட்டையில் பதனிட்ட தோலே நல்லது. ஒரே தோலிலும் முதுகுப் பக்கம் கெட்டி. வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும். பெல்ட் வாரை முதுகுப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

எந்தக் கத்தி?

கத்தரிக்கோலை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் வரை அது சரி. தடித்த தோலைக் கத்தரிக்கோல் இரண்டு பக்கமும் மடக்கிப் பிடித்து நெரிக்கும். வெட்டு விளிம்பு சாய்ந்து, பல் பல்லாக வரும். கட்டைவிரல் கன்றுவதும் அதனால்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது, நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக்கூர் எடுக்கும் 'கட்டர்' கத்திதான். ஸ்டேஷனரிக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இதற்கும் தோலுக்கும் ஒரு சுவையான சம்பந்தம் உண்டு. ஜப்பானில் 1956-இல் இதைக் கண்டுபிடித்தவர் யோஷியோ ஒகாடா என்பவர். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து, அந்தப் புது முனையால் அடித்தோலைச் சீவுவதும், கட்டம் கட்டமாக ஒடித்துத் தின்னும் சாக்லேட்டும் சேர்ந்துதான் அவருக்கு இந்த யோசனையைத் தந்தன. ஆக, செருப்புத் தொழிலாளியிடம் கற்ற பாடம், சுற்றிக்கொண்டு நம் மேஜைக்கு வந்திருக்கிறது.

இதில் 9 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னது காகிதத்துக்குத்தான் லாயக்கு. தடித்த தோலில் வளையும், வளைந்தால் ஒடியும். 18 மில்லிமீட்டர் அகலமுள்ளதை வாங்குங்கள். நகராமல் பூட்டிக்கொள்ளும் திருகு இருக்கட்டும். பிளேடை ஒரு கட்டத்துக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள். நாலைந்து வார் வெட்டியதும் ஒரு கட்டத்தை ஒடித்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் ஓடுமே' என்று சிக்கனம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

கை பழகி, மாதத்தில் பல நாள் வெட்ட வேண்டி வந்தால், தீட்டி உபயோகிக்கும் கத்தி ஒன்று வேண்டும். அதில் இரண்டு விதம் பார்க்கலாம். ஒன்று, ஜப்பானியத் தோல் கத்தி. உளி மாதிரி நுனியில் குறுக்காகக் கூர் இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே சரிவு, மறுபக்கம் தட்டை. நேர்கோடு வெட்டவும், ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கவும் ஏற்றது. மற்றொன்று, பிறைக்கத்தி. அரைவட்டமாக இருக்கும், நடுவில் பிடி. தள்ளியும் வெட்டலாம், ஊஞ்சல் போல் ஆட்டியும் வெட்டலாம். எகிப்தில் ரெக்மிரே என்ற மந்திரியின் கல்லறைச் சுவரில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்திய சித்திரங்களில், தோல் வேலை செய்கிறவர்கள் கையில் இதே பிறைக்கத்தியைக் காணலாம். அத்தனை காலமாக மாறாத கருவி என்றால் அதில் ஏதோ விசேஷம் இருக்கத்தானே வேண்டும்! ஆனால் அதன் கூர் நீளமானது. இரு முனையும் வெளியே நிற்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் முதல் கத்தியாக அதை வாங்க வேண்டாம்.

நம் நடைபாதைத் தொழிலாளிகளிடமும் அகலமான உளி போன்ற கத்தி ஒன்று உண்டு. வடநாட்டில் அதை ராம்பி என்கிறார்கள். தேய்ந்து போன ஹாக்ஸா பிளேடை உடைத்துத் தீட்டி, துணி சுற்றிப் பிடி போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. விலையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூரைப் பார்த்தால் பிரமித்துப் போவீர்கள். நல்ல கத்திக்கு விலை அடையாளம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எஃகைப் பற்றியும் ஒரு குறிப்பு. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைத்தால் போதும். துருப்பிடிக்காத எஃகு அவ்வளவு கவனிப்புக் கேட்காது. ஆனால் மலிவான ரகத்தில் கூர் நிற்பதில்லை.

தீட்டுவது எப்படி?

தெருவில் சாணை பிடிப்பவர் வரும்போது இதையும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அரிவாள்மணைக்கும் தேங்காய்க் கத்திக்கும் அவர் சரி. தோல் கத்தியின் விளிம்பு மிக மெல்லியது. சுழலும் சாணையில் பொறி பறக்கும்போது அந்த மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், எஃகின் கெட்டி போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே இதை நாமே கல்லில் தீட்டிக்கொள்வதே நல்லது.

வேண்டிய சாமான்கள் மூன்று. முதலாவது, ஒரு தீட்டுகல். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸுமாக இருக்கும் கார்போரண்டம் கல் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எண் போட்ட கல்லாக வாங்கினால் 1000 எண்ணும் 3000 அல்லது 6000 எண்ணும் போதும்; எண் ஏற ஏறக் கல் நைஸ். இரண்டாவது, பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்று சொல்லும், தண்ணீரில் தேய்க்கிற உப்புத்தாள். மூன்றாவது, ஒரு பலகையில் ஒட்டிய தோல் துண்டு.

கல்லின் மேல்புறம் நடுவில் குழிந்திருந்தால் கத்தி நேராக வராது. பென்சிலால் கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. பிறகு ஈரத் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் கல்லை வையுங்கள், நகராது. தண்ணீர்க் கல்லானால் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். ஒரு தடவை எண்ணெய் விட்ட கல்லில் பிறகு தண்ணீர் விடாதீர்கள்.

இனி, கத்தியின் சாய்வு. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள கத்தியானால் சிரமமே இல்லை. அந்தச் சரிவைக் கல்லின் மேல் பதியப் படுக்க வைத்தால் அதுவே சரியான சாய்வு. இரண்டு பக்கமும் கூருள்ள கத்தியானால், அதன் முதுகை, கத்தியின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். 24 மில்லிமீட்டர் அகலமென்றால் 6 மில்லிமீட்டர் உயரம். நாணயங்களை அடுக்கி அளவு பார்த்துக்கொள்ளலாம். சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி வரும். தோலுக்கு அது பொருத்தம்.

கத்தியின் சரிவில் ஸ்கெட்ச் பேனாவால் மை தடவி, கல்லில் இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். விளிம்பு வரை மை அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் சற்றுத் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

சாய்வு மாறாமல், லேசான அழுத்தத்துடன், முன்னும் பின்னும் தேயுங்கள். அவசரம் கூடாது. சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று கிளம்பும். விரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே கொண்டுபோனால் அது தட்டுப்படும். விளிம்பின் நெடுக விரலை ஓட்டாதீர்கள்! பிசிறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வந்துவிட்டால், அந்தப் பக்கம் தீட்டியாயிற்று. திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. ஒரு பக்கச் சரிவுள்ள கத்தியானால், தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படிய வைத்து நாலைந்து தடவை தேய்த்துப் பிசிறை எடுத்தால் போதும். பிறகு நைஸான கல்லில் இதையே திரும்பச் செய்யுங்கள்.

பிசிறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் அந்தத் தோல் பலகை. முடி திருத்துபவர்கள் சவரக் கத்தியைத் தோல் வாரில் 'சர் சர்' என்று இழுத்த காலத்தை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். பலகையின் தோலில், கடையில் விற்கும் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து, கத்தியின் முதுகு முன்னே போகும்படி இழுங்கள். கூர் முன்னே போனால் பலகைத் தோல் வெட்டுப்பட்டுவிடும். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை போதும். வெட்டும்போதும் நடுநடுவே இப்படி இழுத்துக்கொண்டால், கல்லை அடிக்கடி தேட வேண்டியிருக்காது.

கூர் வந்ததா என்று கட்டைவிரலில் பார்க்காதீர்கள். ஒரு தினசரித் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, மேலிருந்து கத்தியை இழுங்கள். கிழியாமல் வழுவழுவென்று வெட்டினால் சரி. பிறகு துண்டுத் தோலில் ஒரு வெட்டு. வெட்டிய ஓரம் பளபளப்பாக இருந்தால், நீங்கள் பாஸ்!

வெட்டும்போது

அடியில் ரப்பர் வெட்டுப்பாயோ மரப்பலகையோ இருக்கட்டும். கிரானைட் மேடையிலும் தரை ஓட்டிலும் வைத்து வெட்டினால் அரைமணி நேரம் தீட்டிய கூர் ஒரே இழுப்பில் போய்விடும். மடியில் வைத்து வெட்டவே கூடாது.

எஃகு ஸ்கேலை, உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள். கத்தி விலகினாலும் கழிவுத் துண்டுப் பக்கம்தான் போகும், பெல்ட் பிழைத்துக்கொள்ளும். கத்தியைப் பக்கவாட்டில் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள். ஒரே இழுப்பில் முடிக்க நினைக்க வேண்டாம். முதல் இழுப்பு கோடு போட. இரண்டாவது ஆழம் போக. மூன்றாவதோ நாலாவதோ துண்டாக்க. பட்டையில் பதனிட்ட தோல் ரொம்பவும் கெட்டியாக இருந்தால், ஈர ஸ்பாஞ்சால் முழுத் துண்டையும் சமமாகத் துடைத்துக்கொண்டால் இளகும். ஒரே இடத்தில் தண்ணீர் பட்டால் கறை விழும். சொட்டச் சொட்ட நனைத்தால் நீண்டுவிடும். உள்மூலை வரும் இடத்தில் முதலில் சிறு துளை போட்டுவிட்டு, அந்தத் துளை வரை வெட்டுங்கள், மூலை கிழியாது.

இடதுகை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். அது போகும் வழியில் இருக்கக் கூடாது. கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை விலக்கிக்கொண்டு விழ விடுங்கள். கூரை மறுபடி தீட்டிக்கொள்ளலாம். விரலைத் தீட்ட முடியுமா? ஒடித்த பிளேடுத் துண்டுகளை ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் ஒட்டி, குப்பை எடுப்பவரிடம் சொல்லியே கொடுங்கள். அவர் கையும் கைதானே?

அப்படியும் வெட்டிக்கொண்டால், சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். பத்து நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க வராவிட்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடிதம் எழுதிய சகோதரியும், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

முதலில் பெல்ட்டில் கை வைக்காதீர்கள். கடையில் எடை போட்டு விற்கும் துண்டுத் தோல் கொஞ்சம் வாங்கி, ஓர் அங்குல அகலத்தில் பத்து வார் வெட்டிப் பழகுங்கள். முதல் வாருக்கும் பத்தாவது வாருக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள். இன்னும் ஒன்று: உங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர் இருந்தால், "ஐயா, கத்தியை எப்படித் தீட்டுகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியதை அவர் ஐந்து நிமிஷத்தில் செய்தே காட்டிவிடுவார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு உரியதைக் கொடுக்கவும் மறவாதீர்கள்.

வார்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தையலுக்குத் துளை போடுவது எப்படி என்று அடுத்த வாரம் அவற்றிலேயே பார்ப்போம்.